பேச்சின் அவசரமும் 53 பைட்டும்

இருவர் தொலைபேசியில் உரையாடுகையில் ஒருவர் பேச மற்றவர் கேட்பதே வழக்கமாதலால், குரல் ஒரு திசையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்த்திசைக்கென ஒதுக்கிய பாதை வெறுமையாகவே கிடக்கிறது. பேசுகிறவரும் மூச்சு வாங்கவும் யோசிக்கவும் இடையிடையே நிறுத்துகிறாராகையால், அவருடைய பாதையுங்கூட முழு நேரமும் பயன்படுவதில்லை. ஆயினும் பழைய தொலைபேசி முறையில், அழைப்பு இணைந்த கணம் முதல் ரிஸீவரைக் கீழே வைக்கும் வரையில் அந்தப் பாதை முழுவதும் அவ்விருவருக்கே சொந்தம். டிஜிட்டல் நிலையங்கள் வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதினால், ஓர் உரையாடலுக்கு ஒரு திசையில் விநாடிக்கு 64,000 பிட்டுகள் வேண்டும். அதாவது 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட். பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த ஒரு பைட்டுக்கான இடம் காலியாக வைக்கப்பட்டிருக்கும்.

இது விரயமே என்றாலும், அதற்குக் கிடைத்த பிரதிபலன் சாமானியமானதன்று. பாதை ஒருமுறை அமைந்துவிட்டால், ஒவ்வொரு பைட்டும் புறப்பட்டு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்பதில் மாறுதலே கிடையாது. குரலுக்கு மிகவும் தேவைப்படுவது இதுதான். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பைட்டுகள் தொலைந்துபோனால் காது அதைக் கவனிப்பதுகூட இல்லை. தாமதத்தையும், அதிலும் முக்கியமாக ஏறி இறங்கும் தாமதத்தையும், அது பொறுத்துக்கொள்வதில்லை.

கம்ப்யூட்டர்களின் சுபாவமோ இதற்கு நேர் விரோதமானது. அவை நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரென்று ஏராளமான செய்தியை ஒரே மூச்சில் கொட்டும். கொட்டியது அரை விநாடி கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் பாதகமில்லை, ஆனால் ஒரு பிட் பிசகினாலும் முழுவதும் பாழ். இத்தகைய போக்குவரத்துக்கென்று 1960களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரனும், இங்கிலாந்தில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸும், ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள்: செய்தியைப் பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் விலாசம் எழுதி அனுப்பிவிட்டால், யாருக்கும் தனிப் பாதை ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை, வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பாதை ஓய்ந்ததும் அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடும். 1969-இல் தொடங்கிய அர்ப்பாநெட் இந்த வழியில் நடந்தது. இன்றைய இணையமும் இதே வழியில்தான் நடக்கிறது.

இரண்டையும் ஒரே கம்பியில் அனுப்பலாகாதா என்ற கேள்வி தொலைபேசி இலாகாக்களுக்கு 1980களில் வலுவாக எழுந்தது. குரலுக்கொரு வலை, கம்ப்யூட்டருக்கொரு வலை, டெலிவிஷனுக்கு இன்னொன்று என்று மூன்று வலைகளை நிலத்தில் புதைத்துப் பராமரிப்பதைவிட, யாவற்றையும் சுமக்கும் ஒரே வலை லாபகரமானது என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதமில்லை. ஆனால் பொட்டலங்களின் நீளம் ஒன்றுபோல் இல்லாமை இதற்குக் குறுக்கே நின்றது. விநாடிக்கு 2 மெகாபிட் செல்லும் பாதையில் 1,500 பைட் கொண்ட ஒரு பொட்டலம் ஏறிவிட்டால், அது முழுவதும் வெளியேற ஏறத்தாழ 6 மில்லி விநாடி பிடிக்கும். 64 கிலோபிட் பாதையாயின் 187 மில்லி விநாடிக்கும் மேல். அதன் பின்னால் வந்து நிற்கும் குரல் பொட்டலத்துக்கு எத்தனை பெரிய முன்னுரிமை கொடுத்தும் பயனில்லை. நெடிய சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கும்போது லெவல் கிராஸிங் கேட்டில் வந்து நிற்கும் ஆம்புலன்ஸ், கடைசிப் பெட்டி கடக்கும் வரையில் காத்துத்தான் ஆகவேண்டும்.

முன்னுரிமையால் தீராத சிக்கலை அளவினால் தீர்க்கலாம் என்பதே செல் முறையின் மூலக் கருத்து. குரலாயினும் படமாயினும் கடிதமாயினும், வலைக்குள் நுழையும் முன்பே யாவற்றையும் ஒரே அளவான மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கிவிட்டால், எந்தத் துண்டும் எந்தத் துண்டையும் அதிக நேரம் மறிக்க முடியாது; அவசரத் துண்டு ஒன்று வந்தால், அதற்கு முன் அதிகபட்சமாக ஒரே ஒரு துண்டுதான் பாதையில் இருக்கும். அந்தத் துண்டுக்குச் செல் என்று பெயர். பிரான்ஸில் சி.என்.இ.டி. ஆராய்ச்சி நிலையத்திலும், அமெரிக்காவில் ஜோனதன் டர்னர் முதலியோரிடத்தும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இக்கருத்து உருவாகி, 1988-இல் சர்வதேசத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழுவான சி.சி.ஐ.டி.டி. அதை வருங்கால அகல்பட்டை வலைக்கு அடிப்படையாக ஏற்றுக்கொண்டது. முறைக்கு இட்ட பெயர் அசின்க்ரனஸ் டிரான்ஸ்பர் மோட், சுருக்கமாக ஏ.டி.எம்.; பணம் வழங்கும் யந்திரத்துக்கும் இதற்கும் எழுத்துக்களைத் தவிர வேறு உறவில்லை. பழைய முறையில் ஒரு பைட் யாருடையது என்பதை அது வரும் நேரமே சொல்லிவிடும். இங்கே செல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அதன் தலையிலுள்ள எண்தான் உரிமையாளரைச் சொல்லும்.

சரி, செல்லின் அளவு எவ்வளவு? உலகத்தின் பொறியியல் நிபுணர்கள் மிகக் கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்ட சின்ன விஷயங்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். ஐரோப்பியர்கள், விசேஷமாகப் பிரெஞ்சுக்காரர்கள், செல்லுக்குள் செய்தி 32 பைட் இருந்தால் போதுமென்றார்கள். அமெரிக்கர்கள் 64 வேண்டுமென்றார்கள். சண்டைக்குக் காரணம் எதிரொலி. குரலைச் செல்லில் அனுப்ப வேண்டுமாயின், செல் நிறையும் வரையில் காத்திருக்க வேண்டுமல்லவா? 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் வீதம் 32 பைட் சேர 4 மில்லி விநாடியும், 64 பைட் சேர 8 மில்லி விநாடியும் ஆகும். தொலைபேசி இணைப்பின் மறுமுனையில், நான்கு கம்பிகள் இரண்டாகச் சேரும் இடத்தில், நம் குரலின் ஒரு பங்கு பிரதிபலித்து நம்மிடமே திரும்பி வருகிறது. அது உடனே வந்துவிட்டால் நாம் அதை உணர்வதில்லை, 20, 30 மில்லி விநாடி கடந்து வந்தாலோ நம் குரலே நம்மைத் தொந்தரவு செய்யத் தொடங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரு தரப்பின் நியாயமும் விளங்கும். பிரான்ஸ் தேசத்தின் குறுக்களவு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர்; கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், போக 5, வர 5 ஆக 10 மில்லி விநாடி. இரு முனைகளிலும் 32 பைட் செல் நிறைவதற்கு 4, 4 சேர்த்தால் 18. எதிரொலியை அடக்கும் சாதனம் எதுவும் இல்லாமலே தேசம் முழுவதும் பேசலாம். 64 பைட்டாயினோ 26 ஆகிவிடும். நாட்டிலுள்ள நிலையங்களுக்கெல்லாம் எதிரொலி நீக்கிகள் வாங்கி வைக்க வேண்டியதுதான். அமெரிக்காவிலோ ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ஒளி போய் வருவதற்கே 40 மில்லி விநாடிக்கு மேல் ஆவதால், அவர்கள் எதிரொலி நீக்கிகளை ஏற்கெனவே வைத்துக்கொண்டுவிட்டார்கள். இனிச் செல் பெரிதாவதில் அவர்களுக்கு நஷ்டமில்லை, தலைப்பகுதியின் பாரம் குறைகிறது என்ற லாபமும் உண்டு. 1989-இல் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 48 என்று சமரசம் செய்துகொண்டார்கள். 5 பைட் தலைப்பையும் சேர்த்து மொத்தம் 53. வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண். அதே கணக்கில் பிரான்ஸுக்கு 22 மில்லி விநாடி வருகிறது. எல்லைக்கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்த இந்த விடையால் திருப்தியடைந்தவர் யாருமில்லை. பொறியியல் நியாயத்தால் நிச்சயிக்க வேண்டியதை ராஜதந்திரத்தால் நிச்சயித்தால் இப்படித்தான் ஆகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த 5 பைட் தலைப்பில் என்ன இருக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்பது பிரயோஜனமானது. 40 பிட்டுகளில், உபயோகிப்பவரை நிலையத்துடன் இணைக்கும் பாதையில், முதல் 4 பிட் அந்த முனையிலுள்ள நெரிசலைக் கட்டுப்படுத்தவென்று ஒதுக்கியது. அடுத்த 8 பிட் பாதை எண், பிறகு 16 பிட் சானல் எண். செல்லின் தன்மையைச் சொல்ல 3 பிட். நெருக்கடியில் முதலில் தூக்கி எறியத்தக்கதா என்பதற்கு 1 பிட். கடைசி 8 பிட் தலைப்பிலுள்ள பிழையைச் சோதிப்பதற்கு. சேரவேண்டிய ஊரின் முழு விலாசம் இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உரையாடல் தொடங்கும்போதே வழியிலுள்ள நிலையங்கள் தமக்குள் பேசிக்கொண்டு, தத்தம் அட்டவணையில் ஒவ்வொரு வரி எழுதிக்கொள்கின்றன: 2-ஆம் வாயில் வழியாக, பாதை 7, சானல் 42 என்ற எண்களோடு வரும் செல், பாதை 3, சானல் 91 என்று எண் மாற்றப்பட்டு 5-ஆம் வாயில் வழியாக வெளியேற வேண்டும். அந்த எண்களுக்கு அந்த ஒரு கம்பியில்தான் அர்த்தம். அடுத்த கம்பியில் அவை வேறொருவருடையவை. முழு விலாசத்தைத் தேடி ஆராய்வதற்குப் பதிலாக, அட்டவணையில் ஒரு வரியைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. விநாடிக்கு 155 மெகாபிட் செல்லும் பாதையில் 2.7 மைக்ரோ விநாடிக்கு ஒரு செல் வருவதால், இந்தச் சுருக்கம் மிகவும் தேவைப்பட்டது.

கடைசி 8 பிட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர்களின் சாமர்த்தியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். செல்கள் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கையில், ஒரு செல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. வாங்கும் யந்திரம் என்ன செய்கிறதென்றால், வரும் பிட்டுகளில் எந்த இடத்திலிருந்தாவது 40 பிட்டை எடுத்து, கடைசி எட்டும் முதல் முப்பத்திரண்டுக்குரிய சரியான சோதனை எண்தானா என்று பார்க்கிறது. இல்லையாயின் ஒரு பிட் நகர்ந்து மறுபடி பார்க்கிறது. பொருந்தும் இடம் கிடைத்தால், அது தற்செயலாகவும் இருக்கலாமாதலால், 53 பைட் தள்ளி அடுத்த இடத்திலும் பொருந்துகிறதா என்று சோதித்து, தொடர்ந்து ஆறு முறை பொருந்திய பின்னரே எல்லையைக் கண்டுவிட்டதாக நம்புகிறது. பிறகு ஏழு முறை தொடர்ந்து தவறினாலன்றி அந்த நம்பிக்கையைக் கைவிடுவதில்லை. தலைப்பில் ஒரே ஒரு பிட் கெட்டிருந்தால் இந்தச் சோதனை எண்ணைக் கொண்டே திருத்திவிடலாம். அதற்கு மேற்பட்ட பிழை தெரிந்தால் செல்லையே எறிந்துவிடுவார்கள், ஏனெனில் ஒருவருடைய குரல் தொலைவதைவிட வேறொருவருடைய காதில் போய் விழுவது மோசம்.

செல்கள் யாவும் ஒரே அளவினவாதலால், அவற்றை வாயிலுக்கு வாயில் மாற்றும் ஸ்விட்சையும் மென்பொருளின் தயவின்றி வெறும் மின்சுற்றாலேயே கட்டிவிட முடிந்தது. எட்டு உள்வாயில், எட்டு வெளிவாயில் கொண்ட ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு நுழைவாயும் இரண்டு வெளிவாயும் கொண்ட சின்னஞ்சிறு மாற்றிகளை, வரிசைக்கு நான்காக மூன்று வரிசை அடுக்கி, அவற்றை ஆலமரத்தின் விழுதுகள்போல் பின்னி இணைக்கிறார்கள். பேனியன் வலை என்றே அதற்குப் பெயர். 5-ஆம் வாயிலுக்குப் போகவேண்டிய செல்லின் முன்னால் 101 என்று எழுதி உள்ளே விட்டால், முதல் வரிசை முதல் பிட்டைப் பார்த்துக் கீழே தள்ளும், இரண்டாவது வரிசை 0-ஐப் பார்த்து மேலே தள்ளும், மூன்றாவது மறுபடி கீழே தள்ளும். எந்த உள்வாயிலில் நுழைந்திருந்தாலும் செல் 5-ஆம் வாயிலில்தான் வந்து விழும். மத்தியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவர் எவருமில்லை. இரண்டு செல்கள் நடுவழியில் ஒரே கம்பிக்குப் போட்டியிடுவது மட்டுமே இதிலுள்ள குறை. 1968-இல் கென் பாட்சர் கண்டறிந்த வரிசைப்படுத்தும் வலையை முன்னால் வைத்து, செல்களைப் போகுமிட எண்ணின்படி அடுக்கி அனுப்பினால், வேறுவேறு வாயில்களுக்குப் போகும் செல்கள் மோதிக்கொள்வதில்லை.

ஆனால் ஒரே வாயிலுக்கு ஒரே சமயத்தில் இரண்டு செல் போக விரும்பினால் ஒன்று காத்திருந்தே தீரவேண்டும். எங்கே காத்திருப்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்வாயிலில் ஒரே வரிசையாக நிறுத்தினால், முன்னால் நிற்கும் செல்லின் வாயில் ஓயாத காரணத்தால், பின்னால் நிற்கும் செல் தன் வாயில் காலியாக இருந்தும் நகர முடியாமல் நிற்கும். 1987-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கரோல், லூஹி, மார்கன் என்ற மூவரும் இதைக் கணித்து, பெரிய ஸ்விட்ச் ஒன்றில் செல்களின் போக்கு முற்றும் தற்செயலானதென்று கொண்டால், அதன் திறனில் 58.6 சதவீதத்துக்கு மேல் கிடைக்காதென்று காட்டினார்கள். ஒவ்வோர் உள்வாயிலிலும் ஒவ்வொரு வெளிவாயிலுக்கும் தனித்தனி வரிசை வைத்துவிட்டால் இந்தத் தடை அறவே நீங்கும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

வரிசையில் இடம் நிரம்பிவிட்டால் செல் தொலையும். அதைத் தவிர்க்கவென்றே, இணைப்புத் தொடங்கும்போது, விநாடிக்கு இத்தனை செல்லுக்கு மேல் அனுப்ப மாட்டேன் என்று உபயோகிப்பவர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். வாயிலில் ஒரு காவல் யந்திரம் எண்ணிக்கொண்டே இருந்து, ஒப்பந்தத்தை மீறி வரும் செல்லின் தலையில் அந்த ஒற்றைப் பிட்டை இட்டு, நெருக்கடி வந்தால் முதலில் பலியாகட்டும் என்று அடையாளப்படுத்துகிறது.

குரலுக்காக இத்தனை பக்குவமாகச் செய்த இந்த ஏற்பாடு, கம்ப்யூட்டர்ச் செய்திக்கு அவ்வளவு இசைந்துபோகவில்லை. இணையப் பொட்டலத்தைச் செல்களாக நறுக்குமுன் அதன் வாலில் 8 பைட் சோதனைக் குறிப்புச் சேர்க்கிறார்கள். தொலைதூரக் கம்ப்யூட்டரில் ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால், 40 பைட் தலைப்பும் 1 பைட் எழுத்துமாக 41 பைட் பொட்டலம் உண்டாகிறது. 8 சேர்த்தால் 49. ஒரு செல்லில் 48 பைட்தான் பிடிக்குமென்பதால், எஞ்சிய அந்த ஒரு பைட்டுக்காக இன்னொரு செல். ஆக, ஓர் எழுத்துக்கு 106 பைட். ஒழுங்காக நிறைந்த செல்லிலும் 53-இல் 5, அதாவது ஒன்பது சதவீதத்துக்கு மேல், தலைப்புக்கே போகிறது. இதைச் செல் வரி என்று பொறியியலாளர்கள் வயிற்றெரிச்சலோடு சொன்னார்கள். வரியைவிடப் பெரிய கஷ்டம் ஒன்றும் இருந்தது. 1,500 பைட் பொட்டலம் 32 செல்களாகப் பிரிந்து போகையில் வழியில் ஒன்று தொலைந்தாலும், மீதி 31-உம் வீண் சுமையாக ஊர் போய்ச் சேர்ந்து, அங்கே குப்பையில் விழும். பொட்டலம் முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டும். இதற்குப் பரிகாரமாக, ஆலின் ரோமனோவும் சாலி ஃபிளாய்டும், நெருக்கடி நேரத்தில் செல் செல்லாக எறிவதை விட்டுப் புதிய பொட்டலம் ஒன்றை முதல் செல் முதலாகவே முழுவதும் மறுத்துவிடுவது மேல் என்று 1990களின் நடுவில் எடுத்துக்காட்டினார்கள்.

பரிகாரங்கள் பலித்தாலும் காலம் வேறு வழியில் போய்விட்டது. சிறிய செல் வேண்டுமென்றதற்குக் காரணமே, பெரிய பொட்டலம் மெதுவான பாதையை அடைத்துக்கொள்கிறது என்பதுதானே? பாதையின் வேகம் விநாடிக்கு 1 கிகாபிட் ஆனபோது, 1,500 பைட் பொட்டலம் வெளியேற 12 மைக்ரோ விநாடி போதும். 10 கிகாபிட் ஆனால் 1.2 மைக்ரோ விநாடி. அதாவது, 155 மெகாபிட் பாதையில் ஒரு செல் எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில், நறுக்காத பொட்டலமே போய்விடுகிறது. 1998-இல் கிகாபிட் ஈதர்நெட் தர நிர்ணயம் பெற்ற பிறகு, நறுக்கி ஒட்டும் விலையுயர்ந்த சில்லுகளை வாங்க அலுவலகங்களுக்குக் காரணம் இல்லாமற்போயிற்று.

மெதுவான பாதை எங்கே எஞ்சியிருந்ததோ அங்கே செல்லும் எஞ்சியது. வீட்டுக்கு வரும் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் ஓடிய டி.எஸ்.எல். இணைப்பு பெரும்பாலும் செல் முறையையே மேற்கொண்டது. தமிழ்நாட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்தவர்கள், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வி.பி.ஐ., வி.சி.ஐ. என்ற இரண்டு கட்டங்களில் 0, 35 என்று நிரப்பியது நினைவிருக்கலாம். மேலே சொன்ன பாதை எண்ணும் சானல் எண்ணும் அவையே. சானல் எண்களில் 31 வரை உள்ளவற்றை வலையின் சொந்த உபயோகத்துக்கென்று ஒதுக்கிவிட்டார்களாதலால், குடும்பத்தாருக்கு அதற்கு மேற்பட்ட எண்தான் கிடைக்கும்.

எண்ணை மாற்றி மாற்றி அனுப்பும் யுக்தியோ அழியவே இல்லை. எம்.பி.எல்.எஸ். என்ற பெயரில், நறுக்காத முழுப் பொட்டலத்தின் முன்னால் 20 பிட் எண் ஒன்றை ஒட்டி, நிலையத்துக்கு நிலையம் அதை மாற்றி எழுதுகிற வழக்கம் இன்று பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் நடு வலைகளில் சர்வ சாதாரணம். செல்லுங்கூடக் கம்பியை விட்டுத்தான் போயிற்று. பெரிய ரவுட்டர்கள் பலவற்றின் வயிற்றுக்குள், வரும் பொட்டலத்தைச் சம அளவான துண்டுகளாக நறுக்கி, வாயிலுக்கு வாயில் கடத்தி, வெளியே விடும்போது மறுபடி ஒட்டிவிடுகிறார்கள். மின்சுற்றுக்குச் சம அளவே சௌகரியம் என்ற உண்மை மாறவில்லையல்லவா? அந்தத் துண்டு எத்தனை பைட் என்பது அந்தந்த உற்பத்தியாளர் தம் இஷ்டப்படி வைத்துக்கொள்வது. பெட்டிக்கு வெளியே அது தெரியப்போவதில்லையாதலால், அதற்காக எந்த நாட்டாரும் யாரோடும் வழக்காட வேண்டியதில்லை.